ஐந்தாவது பெஞ்சில் விடுபட்ட சொல்

போன வாரம் எங்கள் கல்லூரி ஆசிரியர் கூட்டத்தில், வகுப்பு நடக்கும்போது பேசிக்கொண்டே இருக்கும் மாணவர்களை என்ன செய்வது என்று முக்கால் மணி நேரம் விவாதித்தோம். அந்த முக்கால் மணி நேரமும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேராசிரியர்கள் தமக்குள் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள் என்பதையும், அவர்களை யாரும் எழுப்பி நிறுத்தவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வடசென்னையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் 19 ஆண்டுகளாக வணிகவியல் கற்பிக்கிறேன். பிறந்து வளர்ந்ததும் தண்டையார்பேட்டையில்தான். கூட்டத்தில் என் முறை வருவதற்குள் தேநீர் வந்துவிட்டதால், சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

கூட்டத்தில் வந்த யோசனைகள் எல்லாம் நாம் அறிந்தவையே. இன்டர்னல் மதிப்பெண்ணில் கை வைத்தால் தானாக அடங்குவார்கள் என்றார் ஒருவர். வெளியே அனுப்புங்கள் என்றார் இன்னொருவர். பெற்றோரைக் கூட்டி வரச் சொல்லுங்கள் என்று பலர் சொன்னார்கள். இவை அனைத்தையும் நானும் செய்து பார்த்தவள் என்பதால் யாரையும் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இந்த யோசனைகள் எல்லாமே, வகுப்பில் பேசுவதால் அவமானப்படுவது ஆசிரியர் என்ற எண்ணத்திலிருந்து புறப்படுகின்றன. அங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு முதலாண்டு வகுப்பில், இயந்திரம் போன்ற சொத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதைக் கணக்கிடும் தேய்மானம் நடத்தினேன். தேர்வில், நன்றாகப் படிக்கும் ஒரு பெண் அந்தக் கணக்கைத் தவறாகச் செய்திருந்தாள். 1,00,000 ரூபாய் இயந்திரம், ஆண்டுக்கு 10 சதவீதம், குறைந்து செல் மதிப்பு முறை. முதலாண்டு 10,000 என்று சரியாக எழுதியவள், இரண்டாம் ஆண்டும் 10,000 என்றே எழுதியிருந்தாள். 9,000 வந்திருக்க வேண்டும். கூப்பிட்டுக் கேட்டேன். பதில் சொல்லாமல் நோட்டைத் திறந்து காட்டினாள். நான் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தாள்: “இரண்டாம் ஆண்டிலிருந்து 10 சதவீதத்தைக் கணக்கிட வேண்டியது” என்று வரி தொடங்கியது, பிறகு இரண்டு அங்குல அளவுக்கு வெற்றிடம், பிறகு “மீது” என்று முடிந்தது. வெற்றிடத்தின் கீழே பென்சிலால் மெல்லிய கோடு. “கேக்கல மேம். அப்புறமா யாரையாவது கேட்டு எழுதலாம்னு விட்டேன்” என்றாள். விடுபட்டது “எஞ்சிய மதிப்பின்” என்ற இரண்டு சொற்கள். அந்த முறை முழுவதும் அந்த இரண்டு சொற்களில்தான் இருக்கிறது: இரண்டாம் ஆண்டில் 1,00,000 மீது அல்ல, எஞ்சிய 90,000 மீதுதான் 10 சதவீதம்.

பக்கங்களைப் புரட்டினேன். அப்படிப்பட்ட கோடுகள் அந்த நோட்டு முழுக்க இருந்தன. அவள் உட்கார்ந்திருந்தது ஐந்தாவது பெஞ்ச். ஆறாவது பெஞ்சில் எங்கள் வகுப்பின் புகழ்பெற்ற நால்வர் அணி. அவளுக்கு டியூஷன் கிடையாது. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள, கல்லூரி வாசலை மிதித்தவர் ஒருவரும் கிடையாது. அவளுக்கு அந்த மணி நேரம் ஒன்றுதான் வழி. அந்த நால்வரும் எனக்கு மரியாதை தரவில்லை என்று நான் பொருமிக்கொண்டிருந்த மாதங்களில், அவர்கள் உண்மையில் எடுத்துக்கொண்டிருந்தது முன் பெஞ்சுக்காரியின் காதை. அன்றிலிருந்து பேச்சை நிறுத்துவது எனக்கு மானப் பிரச்சினையாக இல்லை. அவளுக்குக் கேட்கிறதா என்பதுதான் கேள்வி. இப்படிப் பார்க்கத் தொடங்கினால், நாம் வழக்கமாகச் செய்கிற பலவும் பயனற்றவையாகத் தெரிகின்றன.

உதாரணமாக, கோபித்துக்கொண்டு வெளியேறுவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை நான் ஒரு கலையாகவே செய்தேன். “நீங்களே பேசிக்கோங்க, நான் போறேன்” என்று புத்தகத்தை மூடிவிட்டு ஆசிரியர் அறைக்கு வந்து உட்கார்ந்தால், பத்து நிமிடத்தில் வகுப்பு லீடர் இரண்டு பேரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பான். “சாரி மேம், இனிமே பேச மாட்டாங்க மேம், வாங்க மேம்.” கொஞ்சம் பிகு செய்துவிட்டுப் போவேன். பேசியவர்களுக்கு அது இலவச இடைவேளை. கேட்க வந்தவர்களுக்கு அரை வகுப்பு நட்டம்.

இன்டர்னல் விஷயத்துக்கு வருகிறேன். 25 மதிப்பெண் நம் கையில் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்த மிரட்டலுக்கு அஞ்சுகிறவன் முதல் பெஞ்சில்தான் இருக்கிறான். நான்கு அரியர் வைத்திருப்பவன் அதைக் கேட்டுச் சிரிப்பான். கணக்குப் பதிவியலில் அவன் எவ்வளவு தெரிந்துகொண்டான் என்பதற்குத் தரப்படும் மதிப்பெண்ணை அவன் வாய்க்கு அபராதமாக வசூலிப்பது, ஒரு தலைப்பில் வந்த தொகையை வேறு தலைப்பில் பற்று வைப்பதைப் போன்றது. வணிகவியல் கற்பிக்கிற நானே அதைச் செய்யக் கூடாது.

பெற்றோரை வரவழைப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு மாணவனிடம் அப்பாவோடு வந்தால்தான் வகுப்பு என்று சொல்லிவிட்டேன். மறுநாள் வந்தார். துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நின்ற வண்டியைக் கிளீனரிடம் விட்டுவிட்டு, காக்கிச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார். அந்த வரிசையில் இடம் போனால் என்ன ஆகும் என்பது இந்தப் பக்கத்தில் வளர்ந்த எனக்குத் தெரியும். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “ட்ரிப்பு போனா பரவால்ல மேம், பையன் இன்னா பண்ணான்னு மட்டும் சொல்லுங்க” என்றார். பக்கத்தில் இருப்பவனோடு பேசினான் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏதோ வருகைப் பதிவு குறைகிறது என்று மழுப்பி அனுப்பினேன். பையன் அதற்குப் பிறகு ஒரு வாரம் பேசவில்லை. கல்லூரிக்கே வரவில்லை என்பதுதான் காரணம். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வு எழுதுவதே சிக்கலாகும் ஓர் அமைப்பில், வெளியே நிறுத்துவதும் இந்த வகையைச் சேர்ந்ததே.

கூட்டத்தில் தமிழ்த்துறை நண்பர் ஒருவர் நன்னூலை எடுத்துக்காட்டினார். மாணவன் சித்திரப் பாவையைப் போல் அடங்கி, செவியே வாயாக, நெஞ்சே கொள்ளும் இடமாகப் பாடம் கேட்க வேண்டும் என்று பவணந்தி முனிவர் சொல்லியிருக்கிறார். எனக்கும் பிடித்த பகுதிதான். ஆனால் இன்றைய வகுப்பில் சித்திரப் பாவையைப் போல் அசையாமல் இருப்பவன் பெரும்பாலும் மேசைக்குக் கீழே ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கிறான். பேசுகிறவனாவது வகுப்பில் இருக்கிறான். அதே நன்னூல் ஆசிரியராகத் தகாதவர்களையும் உவமை சொல்லிப் பட்டியல் இடுகிறது. அதில் ஒன்று பருத்திக் குண்டிகை: பஞ்சை அடைத்து வைத்த குடுவையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிய்த்து எடுக்க முடியும் என்பதைப் போல, பாடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகவே வெளியே விடுகிற ஆசிரியர். அந்தச் சூத்திரத்தைக் கூட்டத்தில் யாரும் நினைவுகூரவில்லை.

நம் வகுப்பறைகளின் நிலையையும் பார்க்க வேண்டும். ஒரு நாள் சக ஆசிரியை ஒருவரிடம் அனுமதி கேட்டு அவருடைய வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். 72 பேர், உயரமான கூரை, ஒலிபெருக்கி கிடையாது, நான்கு மின்விசிறிகளில் இரண்டு லொடலொடவென்று அடித்துக்கொள்ளும், வெளியே நெடுஞ்சாலையில் லாரிகள். சக ஆசிரியையின் குரல் எனக்குப் பாதிதான் கேட்டது, பத்தாவது நிமிடத்தில் நானே பக்கத்துப் பையனிடம் “இப்ப என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன். வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. என் கைப்பேசிச் செயலியை நம்பலாமென்றால், ஆசிரியை வாய் திறப்பதற்கு முன்பே அந்த அறை 60ஐத் தாண்டியிருந்தது. கேட்காதவன் பேசுகிறான், அவன் பேசுவதால் அவனுக்கு முன்னால் இருப்பவனுக்கும் கேட்காமல் போகிறது. இரண்டு விசிறிகளைப் பழுது பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தது, நான் அதுவரை செய்த எல்லா மிரட்டலையும்விட அதிகமாகப் பேச்சைக் குறைத்தது. (எழுதிக் கொடுத்து ஐந்து மாதம் கழித்துத்தான் ஆள் வந்தார்.)

பேச்சு எல்லாம் ஒரே பேச்சு அன்று என்பதும் தாமதமாகவே புரிந்தது. மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வருபவனுக்கு நாங்கள் ஆங்கிலத்தில் பாடம் நடத்துகிறோம். ஒரு மாணவனை எழுப்பி நிறுத்திப் பத்து நிமிடம் திட்டியபின்தான், அவன் பக்கத்தில் இருந்தவனுக்கு நான் சொன்னதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தான் என்று தெரிந்தது. என்னைவிட நன்றாகவே சொல்லியிருந்தான். மறுநாள் எல்லார் முன்னிலையிலும் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். அதன்பிறகு ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் மூன்று நிமிடம் பேச நானே நேரம் கொடுக்கிறேன். பக்கத்தில் இருப்பவருக்கு உங்கள் வாய்மொழியில் விளக்குங்கள் என்கிறேன். சத்தம் காதைப் பிளக்கும். மூன்று நிமிடம் முடிந்ததும் டஸ்டரால் மேசையைத் தட்டினால் அடங்குகிறார்கள். அடுத்த பேச்சு நேரம் வரப்போகிறது என்று தெரிவதால் என்று நினைக்கிறேன்.

வெளிமாவட்டங்களிலிருந்து வரும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகள் உரக்கப் பேசுவார்கள். ரயில் பாதை ஓரத்திலும் லாரி போகும் தெருவிலும் வளர்ந்தவர்களின் குரல் அப்படித்தான் இருக்கும். “இன்னா மேம்” என்பதில் அவமரியாதை இல்லை. அது “என்னங்க மேம்” என்பதன் வடசென்னை வடிவம்.

அப்படியானால் பேசுகிறவனை ஒன்றுமே செய்யாமல் விடுவதா என்று கேட்பீர்கள். விடுவதில்லை. நடுவழியில் நடந்துகொண்டே பாடம் நடத்துகிறேன். பேச்சு கேட்கும் பெஞ்சின் அருகில் போய், அவர்களைப் பார்க்காமலேயே நின்று அங்கிருந்து தொடர்கிறேன். பத்தில் எட்டு முறை இதுவே போதும். மீதி இரண்டு முறைக்கு, வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் தனியாகப் பேசுகிறேன். எல்லார் முன்பும் கேட்டால் அவன் நண்பர்களுக்காகப் பதில் சொல்வான்; தனியாகக் கேட்டால் எனக்குப் பதில் சொல்வான். காசிமேட்டு மாணவன் ஒருவனிடம் அப்படிக் கேட்டபோது, “பேசலன்னா தூங்கிடுவேன் மேம்” என்றான். இரவு இரண்டு மணிக்கு மீன் ஏலத்துக்குப் போய்க் கூடை சுமந்துவிட்டுக் குளித்துவிட்டு நேராக முதல் மணி நேரத்துக்கு வருகிறான். 19 ஆண்டுகளில் நான் கேட்ட காரணங்களில் அதை மட்டும் மறுக்க முடியவில்லை. தூக்கம் வந்தால் எழுந்து பின்னால் சன்னலோரம் நின்றுகொள் என்றேன். இப்போது சன்னல் திட்டில் நோட்டை வைத்து, நின்றபடியே எழுதுகிறான்.

ஒரே ஒரு வகைப் பேச்சுக்கு இந்தப் பொறுமை எதுவும் கிடையாது. மாணவி எழுந்து பதில் சொல்லும்போது பின்னாலிருந்து வரும் கமெண்ட், திக்கிப் பேசுகிறவனைப் போலப் பேசிக் காட்டுவது, ஒருவனுடைய சாதியையோ தெருவையோ தொட்டு வீசப்படும் கேலி ஆகியவற்றுக்கு அந்த நிமிடமே பாடத்தை நிறுத்துகிறேன். எழுத்தில் புகார் போகிறது. தேவைப்பட்டால் பெற்றோரும் வருகிறார்கள். சும்மா பேசுகிறவனையும் இவனையும் ஒரே தண்டனையில் அடைப்பதால்தான் இவன் தப்பித்துக்கொள்கிறான்.

அந்தப் பெண் இப்போது மூன்றாம் ஆண்டு. இன்றும் ஐந்தாவது பெஞ்ச்தான். வெள்ளிக்கிழமைதோறும் அவளிடம் நோட்டை வாங்கிப் புரட்டி, பென்சில் கோடுகளை எண்ணுகிறேன். போன வெள்ளிக்கிழமை இரண்டே இரண்டு இருந்தன. பேச்சு சத்தமா என்று கேட்டேன். “ஒண்ணு லாரி ஹாரன் மேம்” என்றாள். இன்னொன்றைச் சொல்லத் தயங்கினாள். வற்புறுத்திக் கேட்டதும், “நீங்க போர்டைப் பாத்துக்கினே பேசிட்டீங்க மேம்” என்றாள்.