இட்சுகுஷிமாவின் வாயில் மிதக்கவில்லை

ஜப்பானின் மியாஜிமா தீவில் உள்ள இட்சுகுஷிமா ஷிண்டோ கோயிலின் சிவப்பு வாயில் ‘1,400 ஆண்டுகளாகக் கடலில் மிதக்கிறது’ என்ற படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. கோயில் 593இல் தோன்றியது என்பது மரபு. இன்று நிற்கும் வாயிலோ 1875இல் எழுப்பப்பட்டது. மிதக்கவும் இல்லை, தூண்கள் மண்ணில் புதைக்கப்படவும் இல்லை. மரக்கழிகள் அடித்து இறுக்கிய தரைமேல், சுமார் 60 டன் எடையாலேயே நிற்கிறது. உச்சி விட்டத்தின் உட்குடைவில் கற்களை நிரப்பியிருக்கிறார்கள். அதுதான் எனக்குப் பெரிய வியப்பு!

நீர் வற்றும்போது ஈர மணலில் நடந்தே கற்பூர மரத் தூண்களைத் தொடலாம். அதிர்ஷ்டத்துக்காக வெடிப்புகளில் நாணயம் செருகுவது தொன்மையான சடங்கு என்பதும் கட்டுக்கதை. மரம் பாழாவதால் கோயிலே அதை வேண்டாம் என்கிறது.