அந்தத் தூக்குச்சட்டி சுமை அன்று

சென்ற வாரம் பரவிய அந்தப் புகைப்படத்தைப் பற்றி எதுவும் எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சிலர் எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள். பேருந்தின் முன்படிக்கட்டுக்கு அருகில், இரண்டு எவர்சில்வர் தூக்குச்சட்டிகளையும் ஒரு பிளாஸ்டிக் வாளியையும் முழங்கால்களுக்கு நடுவில் அணைத்தபடி தரையில் உட்கார்ந்திருக்கும் ஓர் அம்மாளின் படம் அது. இலவசப் பயணத்தில் இவ்வளவு சுமையா என்று கேலி செய்து படத்துக்கு மேலே எழுதப்பட்டிருந்த வரியை அப்படியே இங்கே திரும்ப எழுத எனக்கு மனம் வரவில்லை. கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். நேற்று இரவு, நான் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த ஒரு பிள்ளையின் பெயரையும் அந்த வரிசையில் பார்த்த பிறகு, பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அந்தத் தூக்குச்சட்டி சுமை அன்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியும்வரை இதையேதான் சொல்லப்போகிறேன். ஐப்பசி மாதத்தில் ஒரு தாய் தூக்குச்சட்டியோடு பேருந்து ஏறுகிறாள் என்றால், அதற்குள் குறைந்தது மூன்று நாள் உழைப்பு இருக்கிறது. அவள் இறங்கப்போகும் ஊரில் ஒரு மகளோ, தம்பியோ, பேரப்பிள்ளையோ காத்திருக்கிறார்கள். எங்கள் கரிசல் பக்கத்தில் தீபாவளி அப்படித்தான், அடுத்தவர் கால் படாமல் முழங்காலுக்குள் வைத்துக் காப்பாற்றப்பட்டு, ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

நான் 1989 முதல் 2015 வரை, இருபத்தாறு ஆண்டுகள், கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் தாண்டி விளாத்திகுளம் சாலையில் இருக்கும் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்குப் பேருந்தில் போய் வந்தவள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பேருந்தின் பக்கவாட்டில் கட்டபொம்மன் பெயர் எழுதியிருந்தது. 1997-இல் தலைவர்கள் பெயரையெல்லாம் எடுத்துவிட்டு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று மாற்றினார்கள். பெயர் மாறினாலும் எங்கள் வண்டியும் ஆட்களும் மாறவில்லை. தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் போகும் பெண்கள், சந்தைக்குக் காய் கொண்டுபோகிறவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் ஒருவர், என்னைப் போல மூன்று நான்கு ஆசிரியர்கள். ஜன்னலுக்கு வெளியே உளுந்தும் பாசியும் பருத்தியுமாகக் கரிசல் காடு ஓடும். மழை பெய்துவிட்டால் ஏறுகிற ஒவ்வொருவர் செருப்பிலும் அரைக் கிலோ கரிசல் மண் சேர்ந்து ஏறும்.

அந்தப் பேருந்தில் எழுதப்படாத ஒரு வழக்கம் இருந்தது. உட்கார இடம் கிடைத்தவர், நின்றுகொண்டிருப்பவரின் பையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். "பையக் குடுங்கக்கா, நான் வச்சிக்கிறேன்" என்பது முகம் தெரியாதவர்களும் சொல்லும் வார்த்தை. என் மடியில் எத்தனையோ பேருடைய சோற்று வாளிகள், மருந்துப் பைகள், ஒருமுறை பிறந்து இருபது நாளே ஆன ஒரு குழந்தைகூட இருந்திருக்கின்றன. இப்போது அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். அது மேலிருந்து கீழ்நோக்கி, இருக்கையில் வசதியாக உட்கார்ந்திருந்த ஒருவர் எடுத்த படம். அவருக்கு மடி இருந்தது; அந்த மடியில் ஒரு தூக்குச்சட்டியை வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். அவர் கைபேசியை எடுத்தார். என் கோபமெல்லாம் இந்த ஒன்றில்தான்.

அதிரசம் சுட எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அந்தப் பேருந்துதான். என் அம்மா முறுக்கிலும் முந்திரிக்கொத்திலும் கெட்டிக்காரி. அதிரசம் மட்டும் அவளுக்கு வாய்க்காது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த ஒரு பெரியம்மாள், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், நான்கு நாள் பயணத்தில் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தார். அரை மணி நேரத்தில் அவர் இறங்கிவிடுவார், மிச்சம் மறுநாள்தான். திங்கட்கிழமை அரிசி: ஒரு கிலோ மாவுப் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணி விரித்துப் போட வேண்டும், முழுக்கக் காயவிடக் கூடாது, கையில் எடுத்தால் ஒட்டாமல் ஈரம் மட்டும் தெரிகிற பதத்தில் இடித்துச் சலிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை பாகு: முக்கால் கிலோ வெல்லம், மண் போக வடிகட்டிக் காய்ச்சி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் விரலால் மெத்தென்று உருட்ட வரவேண்டும். "டீச்சர், பாகு முத்திருச்சுன்னா அதிரசம் கல்லாயிரும். இளகிருச்சுன்னா எண்ணெய்ச் சட்டியில கரைஞ்சி போயிரும். பாகு கூப்பிடுறப்ப நீங்க அடுப்புகிட்ட இருக்கணும்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை இன்றும் அடுப்பருகே நிற்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். புதன்கிழமை ஏலக்காயும் சுக்கும் சேர்த்துப் பிசைந்த மாவை மேலே நெய் தடவி மூடி, இரண்டு நாள் தொடாமல் வைப்பது. வியாழக்கிழமை வாழை இலையில் தட்டி, சிறு தீயில் சுட்டு, இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் வைத்து எண்ணெயைப் பிழிவது. வெள்ளிக்கிழமை அவர் தன் வீட்டு அதிரசம் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து, இப்படித்தான் வரவேண்டும் என்று என் கையில் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் இன்று நான்கு வீடுகளில் அதிரசம் சுடுகிறார்கள் என்றால் அது அந்த அம்மாள் போட்ட பிச்சை.

எங்கள் வீட்டுத் தீபாவளிப் பலகாரங்களைத் தேர்ந்தெடுத்ததில் பேருந்துக்கும் பங்கு உண்டு என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். சுழியம் பேருந்து ஏறாது. கடலைப் பருப்பும் தேங்காயும் சேர்ந்த பூரணம் காலையில் சுட்டால் இரவுக்குள் வாடை வந்துவிடும். அதனால் அது வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும். வெல்லப் பாகில் பிசைந்து சுட்ட அதிரசம் பத்து நாளுக்கும் தாங்கும். வறுத்த பாசிப்பயற்று மாவில் கருப்பட்டிப் பாகு ஊற்றி, தேங்காயை ஈரம் போக வறுத்துச் சேர்த்து உருட்டும் முந்திரிக்கொத்தும் அப்படியே. முறுக்குக்கு அதிராத இடம் வேண்டும். நான்கு பங்கு அரிசிமாவுக்கு ஒரு பங்கு உளுந்துமாவு என்பதில் உளுந்து கூடிவிட்டால் அது பேருந்தின் முதல் குலுக்கலிலேயே தூளாகும். ஐப்பசி ஈரக்காற்றில் நமத்தும் போகும். ஆகவே வாளியின் அடியில் செய்தித்தாள், அதன்மேல் முறுக்கு, மூடிக்கு மேல் ஈரமில்லாத வெள்ளைத் துணி, துணிக்கு மேல் ஓர் இறுக்கமான முடிச்சு. படத்தில் அந்த அம்மாளின் வாளியிலும் அதே முடிச்சு இருந்தது. சிரித்தவர்கள் யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

நர்ஸைப் பற்றிச் சொன்னேன். அவர் தூத்துக்குடிக்காரர். ஒவ்வொரு டிசம்பரிலும் அவர் அம்மா சுட்ட அச்சுமுறுக்கு எங்கள் பேருந்துக்கு ஒரு டப்பா வரும். அரிசிமாவு, முட்டை, தேங்காய்ப் பால், சர்க்கரை. அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்த பிறகே மாவில் முக்க வேண்டும், அதையும் முக்கால் அளவுக்குத்தான் முக்க வேண்டும், அச்சின் மேல்விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று வராது என்பதை, ஜன்னல் கம்பியை அச்சாகவும் என் உள்ளங்கையை மாவுக் கிண்ணமாகவும் வைத்துக் காட்டினார். என் பிள்ளைகள் வளர்ந்த வருடங்களில் கிறிஸ்துமஸும் எங்கள் வீட்டுப் பண்டிகையாக இருந்தது, ஒரு டப்பா அச்சுமுறுக்கின் வழியாக. நாங்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போனதில்லை. பேருந்தில் மட்டும்தான் உறவு.

"கூட்டமான பேருந்தில் இவ்வளவு சாமானை ஏற்றினால் மற்றவர்கள் எங்கே நிற்பது?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். நடத்துநர் லக்கேஜ் டிக்கெட் போடச் சொன்னால் போட வேண்டியதுதான், நானும் போட்டிருக்கிறேன். ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள் என் தூக்குச்சட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து, பக்கத்தில் நின்ற பெண்ணின் புதுப் புடவை முந்தானை பாழாகிவிட்டது. அவர் என்னைத் திட்டினார்; திட்ட அவருக்கு உரிமை இருந்தது. இறங்கும்போது கொஞ்சம் முறுக்கை அவர் பையில் போட்டேன், அவரும் வாங்கிக்கொண்டார். ஆனால், அவர் என் முகத்தைப் பார்த்துத் திட்டினார். அந்த இடைஞ்சல் அங்கேயே முடிந்தது. இந்த அம்மாளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர் இறங்கி வீட்டுக்குப் போய்விட்டார். ஊரே அவரைப் பார்த்துச் சிரிப்பது அவருக்குத் தெரியுமா என்றுகூட நமக்குத் தெரியாது. முகம் சரியாகத் தெரியவில்லையே என்று எனக்கு ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் புடவையையும் அந்த வாளியையும் அவர் மகளுக்குத் தெரியாதா?

இலவசப் பயணம் என்ற பேச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் சிரிப்புக்கு உண்மையான காரணம் அதுதான். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் வந்தது. அதற்கு முன்பு என்ன நடந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தவள். மாதக் கடைசியில் தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் ஒரு ஸ்டேஜ் முன்னதாகவே இறங்கி, வெயிலில் நடந்து போவார்கள். கேட்டால் நடப்பது உடம்புக்கு நல்லது என்பார்கள். சம்பளக்காரியான நான் வண்டிக்குள் உட்கார்ந்து அவர்களைக் கடந்து போவேன். எனக்கு அதிரசம் சொல்லிக்கொடுத்த பெரியம்மாளும் அப்படி நடந்தவர்தான். தன் மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குத் தீபாவளிக்குப் போய்வர ஆகும் டிக்கெட் காசை ஐந்து மாதமாகச் சேர்த்தவர். இன்று அவரைப் போன்ற ஒருவர் காசில்லாமல் மகள் வீட்டுக்குப் போகிறார் என்றால், அதைப் பார்த்து மனம் குளிர வேண்டாமா? அரசு கொடுத்த உரிமையை வைத்து ஒரு தாயைப் பிச்சைக்காரியைப் போலப் பேசும் நாக்கு எங்கே பழகியது? நான் நடத்திய வகுப்பறையிலா? இந்தக் கேள்வி நேற்று இரவு என்னைத் தூங்க விடவில்லை.

கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்கிறவர்களுக்கு என்னிடம் பெரிய பதில் இல்லை. வாங்கிக்கொள்ளுங்கள். கோவில்பட்டி கடலை மிட்டாயும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் புவிசார் குறியீடு பெற்றவை. நானும் வாங்கித்தான் சாப்பிடுகிறேன். என் தலைதீபாவளிக்கு, 1990-இல், அம்மா விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டிக்கு மூன்று தூக்குச்சட்டிகளோடு வந்தாள். மழை. வண்டி வழியில் நின்றுபோய், அடுத்த வண்டி பிடித்து, இரவு ஒன்பது மணிக்கு நனைந்துகொண்டே வாசலில் நின்றாள். புடவை முழுக்க ஈரம். தூக்குச்சட்டித் துணி மட்டும் காய்ந்திருந்தது. தன் முந்தானையை அதன்மேல் போர்த்திக்கொண்டு வந்திருக்கிறாள். அந்தப் பேருந்தில் யாரோ ஒருவர் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்ததாகவும், வேறு யாரோ இரண்டு சட்டிகளை மடியில் வாங்கிக்கொண்டதாகவும், பலகாரத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்பே சொன்னாள். அவர்கள் யாரென்று கடைசிவரை எங்களுக்குத் தெரியாது.

இதையெல்லாம் எழுத வைத்தது அந்தப் படம் மட்டும் அன்று. முந்தாநாள் தூத்துக்குடியிலிருந்து என் மகள் பேசினாள். சாதாரணமாக, அன்பாகத்தான் சொன்னாள்: "இந்தத் தடவ பலகாரத்தத் தூக்கிட்டு பஸ்ல வராதம்மா. யாராவது போட்டோ எடுத்துப் போட்ருவாங்க. இங்கேயே வாங்கிக்கிறோம்." அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் படத்தை எடுத்தவர் என் மகளையும் பயமுறுத்திவிட்டார் என்பதை, பேசி முடித்து வெகுநேரம் கழித்துத்தான் உணர்ந்தேன். சரி என்றோ முடியாது என்றோ அவளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

அதிரச மாவைப் பிசைந்து வைத்து இன்றோடு இரண்டு நாள் ஆகிறது. நாளைக் காலையில் சுட வேண்டும். தூக்குச்சட்டிகளைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.