வான்கோழி போட்ட வேஷம்

(கானாடுகாத்தானில் ஒரு பழைய வீடு. முன்கட்டில் விருந்தாளிகளுக்கு வாடகை அறைகள், இரண்டாம் கட்டைத் தாண்டி அடுப்படி. காலை ஏழு மணி. ஆச்சி கையில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஒரு பாக்கெட். சமையல்காரர் கருப்பையா கல்யாண வீடுகளில் கை பழகியவர். பாக்கெட்டில் வருகிற எதையும் சாப்பாடு என்று சட்டென ஒப்புக்கொள்ள மாட்டார்.)

ஆச்சி: கருப்பையா, இடியாப்பம் அப்புறம் பிழியலாம். பினாங்குக்காரர்களுக்கு இன்றைக்கு டர்க்கி பேக்கன்.

கருப்பையா: பேக்கனா? போன மாசம் பிரெஞ்சுக்காரருக்குப் போட்டோமே, அதுவா? அது பன்றியாச்சே ஆச்சி. இவங்க தொட மாட்டாங்களே!

ஆச்சி: அதனால்தான் இது. வான்கோழிக் கறியில் செய்த பேக்கன். வருவதற்கு முன்னாலேயே போனில் கேட்டார்கள். ஹலால் முத்திரை பார்த்துத்தான் சென்னையிலிருந்து வரவழைத்தேன்.

கருப்பையா: மயிலைப் பார்த்து ஆடினது போதாதென்று இப்போது பன்றியைப் பார்த்தும் ஆட ஆரம்பித்துவிட்டதா?

ஆச்சி: பேசாமல் சட்டியை எடு. அது வேண்டாம், அது பன்றி வறுத்த சட்டி. கரண்டியும் வேறு.

கருப்பையா: புளி போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்திருக்கிறேன் ஆச்சி.

ஆச்சி: கங்கையில் முக்கினாலும் வேண்டாம். எங்கள் அப்பச்சி பினாங்குக்குக் கொண்டுவிற்கப் போனவர். அந்த ஊர்க்காரர்கள் நம்மை நம்பிச் சாப்பிட உட்காருகிறார்கள். புதுச் சட்டியை எடு.

(கருப்பையா பாக்கெட்டைப் பிரிக்கிறார். உள்ளே பன்னிரண்டு துண்டுகள். ஒன்றை இரண்டு விரலால் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்கிறார். ஒரு பக்கம் கருஞ்சிவப்பு, மறு பக்கம் வெளிறின ரோஸ், நடுவே நெளிநெளியாக ஓர் எல்லைக் கோடு. பன்னிரண்டும் ஒரே நீளம், ஒரே அகலம்.)

கருப்பையா: ஆச்சி, நான் உரிக்காத வான்கோழியா? இப்படிப் பட்டை போட்ட இடம் அதன் உடம்பில் எங்கேயும் கிடையாது.

ஆச்சி: இருக்காதுதான். பன்றிக்கு வயிற்றுப் பக்கம் கறி ஒரு வரி, கொழுப்பு ஒரு வரி என்று தானாகவே அமைந்திருக்கும். அதை அப்படியே உப்பில் ஊறவைத்துப் புகை போட்டுச் சீவினால் பேக்கன். வான்கோழிக்கு ஏது அந்தக் கொடுப்பினை? கறியைக் கொத்தி, உப்பும் மசாலாவும் போட்டுப் பிசைந்து, கட்டியாக அழுத்தி, அதற்கப்புறம் சீவுகிறார்கள். கறுத்தது தொடைக்கறி, வெளுத்தது நெஞ்சுக்கறி.

கருப்பையா: அப்போ இந்த வெள்ளைப் பட்டை கொழுப்பே இல்லையா? ஆத்தங்குடி டைல்ஸ் மாதிரி அச்சில் ஊற்றிப் பூப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லுங்க. இவ்வளவும் எப்படி உங்களுக்குத் தெரியும்?

ஆச்சி: நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் ஒரு பனிக்காலம் முழுக்க அடைந்து கிடந்தேன். பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படிப்பதைத் தவிர அங்கே வேறு என்ன வேலை?

(சட்டி அடுப்பில் ஏறுகிறது. கருப்பையா எண்ணெய் விடாமல் இரண்டு துண்டுகளைப் பரப்புகிறார்.)

ஆச்சி: எண்ணெய்?

கருப்பையா: கூடவே கூடாது. பிரெஞ்சுக்காரர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்த பாடம். சட்டி காயும் முன்பே போட வேண்டும், தீ சின்னதாக இருக்க வேண்டும். கொழுப்பு தானே உருகி, அதிலேயே அது பொரியும். மிஞ்சின கொழுப்பில் முட்டையும் பொரித்துக் கொடுத்தேன், மனிதர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

(காத்திருக்கிறார்கள். பன்றி பேக்கனாக இருந்தால் இந்நேரம் சுருங்கி, நெளிந்து, சட்டி முழுக்கச் சடசடத்திருக்கும். இவை இரண்டும் போட்டது போட்டபடி கிடக்கின்றன. சத்தம் வரவில்லை. வாசனை மட்டும் வருகிறது, அதுவும் கருகின வாசனை.)

ஆச்சி: திருப்பு, திருப்பு!

கருப்பையா: வந்தால்தானே திருப்ப! அடியைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

(சுரண்டியதில் இரண்டும் நாலாகி வருகின்றன. விருந்தாளிக்கு வைக்க முடியாது. தூக்கிப் போடவும் ஆச்சிக்கு மனம் வராது. ஆளுக்குப் பாதி.)

கருப்பையா: மென்றுகொண்டே இருக்கலாம் போல, முடிகிற வழியைக் காணோம். அருமையான நம்ம ஊர்ப் பறவையை இப்படிக் கெடுத்துவிட்டார்களே ஆச்சி!

ஆச்சி: யார் சொன்னது நம்ம ஊர்ப் பறவை என்று? அதன் பூர்வீகமே அமெரிக்கக் கண்டம். 1612-இல் கோவாவிலிருந்து ஜஹாங்கீர் பாதுஷாவுக்கு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்கள். அவர் அதிசயப்பட்டு, மன்சூர் என்கிற ஓவியரைக் கூப்பிட்டு வரையச் சொன்னார். அந்தப் படம் இன்னும் இருக்கிறது.

கருப்பையா: வரைந்தது சரி. வறுத்தார்களா? அந்தக் குறிப்பு இருந்தால் சொல்லுங்க, எனக்கு உபயோகப்படும்.

(ஆச்சி முறைக்கிறார். கருப்பையா சட்டியைக் கழுவி வைத்துவிட்டு, இன்னொரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்க்கிறார், மோந்து பார்க்கிறார். முகத்தில் ஒரு தெளிவு.)

கருப்பையா: ஆச்சி, உப்புக்கண்டத்துக்கு ஆட்டுக்கறி அரியும்போது முதலில் என்ன செய்வோம்?

ஆச்சி: கொழுப்பை ஒட்ட எடுப்போம். விட்டால் காயும்போது சிக்கு வாடை வந்துவிடும்.

கருப்பையா: உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் தடவி, நூலில் கோத்து, காக்காய்க்குக் காவல் உட்கார்ந்து காயவைக்கிறோம். அப்புறம் அதை வெறும் சட்டியிலா போடுகிறோம்? நல்லெண்ணெய் விட்டல்லவா பொரிக்கிறோம்! இதுவும் அந்த ஜாதிதான். உப்பு ஏறின கறி, கொழுப்புக் கம்மி. இது பேக்கன் என்று பெயர் வைத்துக்கொண்டதால் நான் ஏமாந்தேன்.

(ஒரு ஸ்பூன் கடலை எண்ணெய். சட்டி காய்ந்ததும் இரண்டு துண்டு. இந்தத் தடவை சத்தம் வருகிறது. மிதமான தீயில் திருப்பித் திருப்பிப் போட்டு, ஓரம் சிவந்ததும் எடுக்கிறார். பன்றி அளவுக்கு மொறுமொறுப்பு இல்லை. ஆனால் வாயில் போட்டால் புகை மணமும் இனிப்புமாக, நன்றாகவே இருக்கிறது.)

ஆச்சி: பரவாயில்லையே! ஆமாம், கொழுப்புக் கம்மி என்று காசைக் கொட்டி வாங்கினேன், நீ எண்ணெயை ஊற்றிச் சரிக்கட்டிவிட்டாய்.

கருப்பையா: ஒரே ஒரு ஸ்பூன் ஆச்சி. அதில் பாதி சட்டியிலேயே இருக்கிறது, பாருங்க.

ஆச்சி: அப்படியானால் சரி. எனக்கு இன்னொன்று வை. பன்றி பேக்கனைவிடக் கொழுப்பும் கலோரியும் குறைவு என்று இதிலேயே போட்டிருக்கிறான்.

கருப்பையா: அதற்கு அடுத்த வரியையும் கொஞ்சம் வாசியுங்க.

(ஆச்சி அடுத்த வரியை வாய்க்குள்ளேயே வாசிக்கிறார்.)

கருப்பையா: காதில் விழவில்லை.

ஆச்சி: சோடியம்... அது கிட்டத்தட்ட அதே அளவுதான். உப்பில்லாமல் எப்படி ஊறும்?

கருப்பையா: டாக்டர் உங்களுக்கு ஊறுகாயை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்.

ஆச்சி: ஊறுகாயைத்தான் நிறுத்தச் சொன்னார். வான்கோழியைப் பற்றி மூச்சு விடவில்லை.

கருப்பையா: இந்த ரோஸ் நிறம் வேறு இடிக்கிறதே. வெந்த கோழிக்கறி எங்கேயாவது இந்த நிறத்தில் இருக்குமா?

ஆச்சி: நைட்ரைட் என்று ஓர் உப்பு. நிறமும் தரும், கெட்ட கிருமி வளராமலும் பார்த்துக்கொள்ளும். சில பாக்கெட்டில் ‘அன்க்யூர்டு’, அதாவது இந்த உப்புப் போட்டுப் பதப்படுத்தாதது, என்று பெரிதாகப் போட்டிருப்பான். திருப்பிப் பார்த்தால் செலரி என்கிற கீரையின் பொடி சேர்த்திருப்பான். அதிலிருந்தும் வருவது அதே நைட்ரைட்தான்.

கருப்பையா: வாசலில் வராதே என்றால் கொல்லைப்புறமாக வருகிறான்.

ஆச்சி: 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த மாதிரி பதப்படுத்திய கறியெல்லாம் குடல் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று அறிவித்தது. தினமும் 50 கிராம் தின்றால் ஆபத்து 18 சதவீதம் கூடுகிறதாம். அந்த வகையில் பன்றி மட்டும் இல்லை, கோழியும் வரும். என் மகன்தான் படித்துச் சொன்னான். சொல்லிவிட்டு அன்றைக்கே நாலு துண்டு தின்றான்.

கருப்பையா: நீங்க பேசிக்கொண்டே கையை எங்கே கொண்டுபோறீங்க?

ஆச்சி: தினமும் தின்றால்தானே ஆபத்து? நமக்கு இது வருஷத்துக்கு ஒரு நாள்.

(இதற்குள் கருப்பையா மீதியையும் வறுத்து இலை விரித்த தட்டில் அடுக்கிவிட்டார். பழக்க தோஷத்தில் உப்பு டப்பாவுக்குப் போன கையை ஆச்சி தட்டிவிட, கொஞ்சம் மிளகுத்தூளோடு நிறுத்திக்கொண்டார். வளவில் செருப்புச் சத்தம். விருந்தாளிகள் இறங்கி வருகிறார்கள்.)

ஆச்சி: நாலு பேர், ஆளுக்கு இரண்டு. எட்டு இருக்கிறதா எண்ணு.

கருப்பையா: ஏழு.

ஆச்சி: ஏழு எப்படி?

கருப்பையா: எனக்குத் தெரியும். சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும்.

ஆச்சி: சரி, சின்னப் பிள்ளைக்கு ஒன்று போதும்.

கருப்பையா: சின்னப் பிள்ளை காலேஜில் படிக்கிறது ஆச்சி. நேற்று ராத்திரி ஒன்பது இடியாப்பம் சாப்பிட்டது.

ஆச்சி: அப்படியானால் இன்றைக்கும் ஒன்பது வை, கத்திரிக்காய்க் கோசமல்லியைத் தாராளமாக ஊற்று, கணக்கு மறந்துவிடும்.

கருப்பையா: அவங்களுக்கு மறக்கும். நோட்டில் எப்படி எழுதுவது? வரவு பன்னிரண்டு, இலைக்குப் போனது ஏழு.

ஆச்சி: மீதியை எலி தின்றது என்று எழுது.

கருப்பையா: எந்த எலி என்று எழுத? பிரஷர் மாத்திரை போடுகிற எலியா?

ஆச்சி: இல்லை. கரண்டி பிடிக்கிற எலி.