மூன்றாவது ட்ராக்கை நீக்கச் சொன்னேன், நான்காவது போனது

தங்கை மகள் கல்யாணத்துக்கு ஒரு பாட்டு பதிவு செய்தோம். பாட்டு தமிழ், தாளம் நம் மொரீஷியஸ் சேகா. ரோஸ் ஹில்லில் என் வீட்டு மாடி அறைதான் ஸ்டூடியோ. ரவான் என்ற ஆட்டுத்தோல் பறை வாசிக்க வந்தவரை நாங்கள் எல்லோரும் தோந்தோன் (கிரியோலில் மாமா) என்றுதான் கூப்பிடுவோம், வயது எழுபதுக்கு மேல். முற்றத்தில் நெருப்பு மூட்டி, ஆட்டுத்தோலை அனலில் காட்டுவார், விரலால் தட்டிப் பார்ப்பார், திரும்பவும் காட்டுவார். நாதம் ஏறிய பிறகுதான் மைக் முன்னால் உட்கார்ந்தார். தோல் ஆறினால் மறுபடி நெருப்பு. இப்படி ஏழு டேக். நல்ல இடங்களை எடுத்து ஒட்டி ஒரே ட்ராக் ஆக்க எனக்கு இரண்டு ராத்திரி பிடித்தது.

அப்புறம், சொன்னதைக் கேட்டுப் பதிவு மென்பொருளை இயக்கும் ஏஐ ஏஜென்டிடம் "மூன்றாவது ட்ராக்கை நீக்கு" என்றேன். அது நான்காவதை, அதாவது ரவான் ட்ராக்கை நீக்கியது. திரையில் ட்ராக் எண் 1-இல் தொடங்குகிறது, ஏஜென்ட் நீக்குவதற்குப் பயன்படுத்தும் கருவியோ 0-விலிருந்து எண்ணுகிறது. கவனிக்காமல் சேமித்து மூடிவிட்டேன். மறுநாள் திறந்தால் அன்டூ செய்ய எதுவும் இல்லை. அசல் ஒலிக்கோப்புகள் வட்டில் பத்திரமாக இருந்தன, ஆனால் இரண்டு ராத்திரி வெட்டி ஒட்டிய வேலை போய்விட்டது.

கருவியின் விளக்கக் குறிப்பை அன்றைக்குத்தான் திறந்து படித்தேன். "ட்ராக்கை நீக்கும். எண் கொடுக்கவும்." அவ்வளவுதான்.

இதைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற, ஏஐயை மற்ற மென்பொருட்களோடு இணைக்கும் நெறிமுறையை வெளியிட்டது. அதன் வழியாக ஏபிள்டன் லைவ், ரீப்பர் போன்ற இசைப்பதிவு மென்பொருட்களை ஏஜென்ட் இயக்குவதற்கான கருவிகளைப் பலர் எழுதிப் பகிர்கிறார்கள். அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், கொடுக்கவேண்டிய மதிப்புகள் என்று மூன்று எழுதித் தருகிறோம். ஏஜென்டுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. அந்த விளக்கத்தைப் படித்துத்தான் எதைச் செய்வது என்று முடிவெடுக்கிறது. பழைய கையேட்டை யாரும் படிக்காவிட்டாலும் மென்பொருள் ஓடும். இங்கே குறிப்பில் ஒரு சொல் விட்டுப்போனால் பாட்டே மாறிப்போகிறது.

ஒலி அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். லைவில் நிரல் வழியாக வால்யூம் வைக்கும்போது 0.85 என்றால்தான் 0 டெசிபல் (கூட்டாமல் குறைக்காமல் உள்ள அளவு), 1.0 என்றால் கூடுதலாக 6 டெசிபல். ரீப்பரில் 1.0 என்பதே 0 டெசிபல். ரீப்பரில் பழகிய 1.0-ஐ லைவில் கொடுத்தால் குரல் ஒரேயடியாக மேலே ஏறி நிற்கும். குறிப்பில் "0 முதல் 1 வரை" என்று மட்டும் எழுதினால் யாருக்கு இது தெரியும்?

எங்கள் தாளத்துக்கு இன்னும் சிக்கல். சேகா 6/8, அதாவது ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) ஆறு அரைக்கால் நோட்டு. லைவ் நீளத்தைக் கால் நோட்டுக் கணக்கில் அளக்கிறது, அதனால் ஒரு பார் என்பது 3, ஆறு அல்ல. "பீட் கணக்கில் நீளம்" என்று குறிப்பு சொல்ல, நான்கு பாருக்கு ஏஜென்ட் 24 போட்டது. கிளிப் (இசைத்துண்டு) எட்டு பார் நீளத்துக்குப் போய், பின்பாதி முழுக்க வெறுமையாகச் சுற்றியது. எதிலும் 4/4-ஐ மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறார்கள். திஸ்ரத்தில் வாசிக்கிற நாதஸ்வரக்காரருக்கும் மேளக்காரருக்கும் இதே கதிதான். ஸ்வரங்களுக்கு எண் கொடுக்கும் மிடி முறையில் 60-ஐ ஒரு மென்பொருள் சி3 என்கிறது, இன்னொன்று சி4 என்கிறது. அதனால் ஸ்வரத்தைப் பெயரால் சொல்லாமல் எண்ணால் சொல்லுங்கள்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எண்ணிக்கை எங்கே தொடங்குகிறது, எந்த அலகு, எதை அழிக்கும், திரும்பப் பெற முடியுமா. ஒவ்வொரு கருவிக்கும் இவற்றை எழுதுங்கள். ரீப்பரில் பல செயல்களைச் சேர்த்து ஒரே அன்டூவாகக் கட்டும் வசதி இருக்கிறது. கருவி அதைப் பயன்படுத்துகிறதா இல்லையா என்று ஒரு வரி போட்டால் போதும், பாதி பயம் போகும். கருவியால் முடியாததையும் எழுதுங்கள். முடியாது என்று தெரியாத ஏஜென்ட் வேறு கருவியை எடுத்துக் குழப்புகிறது.

என் அக்கா மகன் பள்ளியில் தமிழ் படித்தவன், வீட்டில் கிரியோல் பேசுகிறவன். நான் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, "மாமா, அழிக்கிறதுக்கு முன்னாடி ட்ராக் பேரைச் சொல்லிக் கேட்கணும்னு போடுங்க" என்றான். போட்டேன். இப்போது ஏஜென்ட் "தோந்தோன் ரவான் என்ற ட்ராக்கை நீக்கட்டுமா?" என்று கேட்கிறது.

நீக்கும் கருவிகள் ஐந்துக்கும் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். அடுத்து ஒலி அளவு, அப்புறம் தாளம். தவிலோ உருமியோ பதிவு செய்கிறவர்கள், நீங்கள் பட்டதைக் கீழே எழுதுங்கள், சேர்த்துக்கொள்கிறேன்.