மில்கிராமின் 65 சதவீதம் எங்கிருந்து வந்தது?

“மேலதிகாரி சொன்னால் நூற்றில் 65 பேர் கொலைகூடச் செய்வார்கள், மில்கிராம் நிரூபித்துவிட்டார்” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் சரி, ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவு சரியில்லை.

அமெரிக்க உளவியலாளர் மில்கிராமின் அந்தச் சோதனை 1963இல் வெளியானது. இன்னொருவர் தவறாகப் பதில் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவருக்கு மேலும் கூடுதலான மின்னதிர்ச்சி கொடுக்கும்படி ஆய்வாளர் கட்டளையிடுவார். அப்படிக் கட்டளை பெற்றவர்கள் வெறும் 40 பேர், எல்லோரும் ஆண்கள். அவர்களில் 26 பேர் 450 வோல்ட் என்று எழுதியிருந்த கடைசிச் சுவிட்சு வரை போனார்கள். 65 சதவீதம் என்பது இதுதான். (பதில் சொன்னவர் ஒரு நடிகர்; அவர்மேல் மின்சாரம் உண்மையில் பாயவில்லை.)

ஆனால் மில்கிராம் அதோடு நிறுத்தவில்லை. சூழலை மாற்றி மாற்றி மறுபடி செய்து பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவர், அவர்களும் நடிகர்கள்தான், “இனி முடியாது” என்று எழுந்துவிட்டபோது 40 பேரில் 4 பேர் மட்டுமே கடைசி வரை போனார்கள். கட்டளையிடும் இரண்டு ஆய்வாளர்களே தங்களுக்குள் முரண்பட்டபோது? ஒருவர்கூடப் போகவில்லை.

அப்புறம் எப்படி 65ஐ மனித இயல்பின் அளவு என்று சொல்ல முடியும்? அது ஒரு குறிப்பிட்ட அறையில், குறிப்பிட்ட ஏற்பாட்டில் கிடைத்த எண். எதை மாற்றினால் கீழ்ப்படிதல் கூடுகிறது, குறைகிறது என்பதுதான் அந்த ஆய்வின் உயிர். தயவுசெய்து அதை விட்டுவிட்டு ஒற்றை எண்ணை மட்டும் பரப்பாதீர்கள்.