படத்தை விடுங்கள், பெட்டியைத் திறந்து பாருங்கள்

மெல்பர்ன் தமிழ்க் குழுக்களில் மூன்று நாளாகச் சுற்றுகிற அந்தப் படத்தைப் பற்றித்தான். பிளேசர் போட்ட, பிரெஸ்பிடேரியன் என்கிற கிறிஸ்தவ சபைப் பள்ளியின் பெண் பிள்ளைகள், இல்லாதவர்களுக்கான கிறிஸ்துமஸ் உணவுப் பெட்டிகள், வாய் நிறையச் சிரிப்பு. "பணக்காரப் பிள்ளைகளின் ஒரு நாள் கருணை" என்று எழுதியவருக்கு முந்நூறு லைக். வாழ்த்துகள். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

கேட்கவில்லை. அந்தப் பிள்ளைகளோடு பெட்டி கட்டுகிற நானே சொல்கிறேன். காரில் படுத்துத் தூங்குகிறவரிடம் டின் திறப்பான் இருக்காது, அதனால் வளையம் வைத்த டின். அடுப்பும் இருக்காது, அதனால் அரிசி கிடையாது. அப்படியே தின்னக்கூடிய பீன்ஸ், டூனா. அடுப்பு உள்ள குடும்பத்துக்கு வேறு பெட்டி. கண்ணாடிப் புட்டி கூடவே கூடாது, ஒன்று உடைந்தால் மொத்தமும் குப்பைக்குத்தான். சோப்புத் தூளை அரிசியோடு வைத்தால் சோற்றில் சோப்பு வாசம் அடிக்கும், அது தனிப் பை. 400 கிராம் டின் 24 அடுக்கினால் 10 கிலோவைத் தாண்டும். ஏழாம் வகுப்புப் பிள்ளை தூக்கும்போது அட்டைப்பெட்டியின் அடி பிய்ந்துகொண்டு போகும். ஆகவே பெட்டிக்கு எட்டு டின், அதுவும் அடியில். 'பெஸ்ட் பிஃபோர்', அதாவது தரம் குறையாமல் இருக்கும் தேதி, தாண்டியதைக் கடையில் விற்கவே இங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. 'யூஸ் பை', அதாவது அதற்குமேல் தின்றால் ஆபத்து என்கிற தேதி, தாண்டியதைத்தான் விற்கக் கூடாது. நாங்கள் இரண்டையும் எடுத்துவிடுவோம். இல்லாதவருக்குப் பழசு போதும் என்று யார் சொன்னது?

படம் எடுத்திருக்க வேண்டாம். சரி, அது தப்பு.

"டியூக் ஆஃப் எடின்பரோ விருதுக்கு மணிக்கணக்கு சேர்க்கிறார்கள்." ஆமாம், சேர்க்கிறார்கள். இளையோருக்கான விருது அது, தொண்டும் அதில் ஒரு பகுதி. வெண்கலப் படிக்கு வாரம் ஒரு மணி நேரமாவது, 3 மாதம். தங்கத்துக்கு 12 மாதம். பதினாலு வயசுப் பிள்ளை முதியோர் இல்லத்துக்கு முதல் வாரம் கையெழுத்துக்குத்தான் வரும். எட்டாவது வாரம் அங்கே உள்ள பாட்டி "போன வாரம் எங்கே போனாய்?" என்று கேட்பார் பாருங்கள், அங்கேதான் விஷயமே ஆரம்பம். அந்த அக்கறை வராமலே போனாலும், டின்னுக்குள் இருக்கிற பீன்ஸுக்குக் கட்டியவளின் நோக்கம் தெரியாது. பெட்டியைப் பாருங்கள் என்கிறேன், நீங்கள் முகத்தையே பார்க்கிறீர்கள்.

அடுத்தது, "மதம் மாற்றுகிறார்கள்". பெயர்ப்பலகையிலேயே பிரெஸ்பிடேரியன் என்று இருக்கிறது ஐயா! சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது நீங்கள். ஆராதனை என்றால் ஒரு பாட்டு, ஒரு வேத வாசிப்பு, சின்னதாய் ஒரு பேச்சு, ஜெபம். ஸ்காட்லாந்து வழி வந்த சபை. பிஷப் இல்லை, சிலை இல்லை, மூப்பர்கள் நடத்துவது. 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' பாடியதால் யார் நெற்றியிலும் திருநீறு அழிந்ததில்லை.

மேட்டுக்குடிப் பொழுதுபோக்காம். இதே ஊரில் 1875இல் தொடங்கிய பிரெஸ்பிடேரியன் லேடீஸ் காலேஜில் படித்தவர் வைடா கோல்ட்ஸ்டீன். 1891இல் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு அம்மாவோடு சேர்ந்து கையெழுத்து திரட்டினார். மொத்தம் கிட்டத்தட்ட 30,000 கையெழுத்து, 260 மீட்டர் நீளச் சுருள். 1903இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்ற மேலவையான செனட்டுக்கே நின்றார், தோற்றார். அவரையும் கேலி செய்தவர்கள் உண்டு. ஒருத்தர் பெயரும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

முந்நூறு லைக்காரர் வீட்டிலிருந்தும் போன வருடம் ஒரு பை வந்தது, மகளின் பெயர் ஒட்டி. நாலு தேங்காய்ப்பால் டின். மூன்று தேதி முடிந்தவை. ஒன்று உப்பிப்போய் இருந்தது. உள்ளே கிருமி வாயு கட்டினால் டின் அப்படி உப்பும், திறக்கவே கூடாது. அந்தப் பிள்ளை பார்ப்பதற்குள் கையுறை போட்டு, இரட்டைப் பையில் கட்டி எறிந்தேன். பதிலுக்கு வேறு நாலு டின் வாங்கி அதே பெயரை ஒட்டிவைத்தேன்.

வியாழக்கிழமை மறுபடி கட்டுகிறோம். வளையம் வைத்த டின். தேதியைப் பார்த்து அனுப்புங்கள்.