ரிப்பேரானால் யார் வருவார்?

கடைக்குப் போனால் எங்கள் அப்பா விலையை இரண்டாவதாகத்தான் கேட்பார். முதல் கேள்வி, "இது ரிப்பேரானால் யார் வருவார்?" மிக்சிக்கும் அதே கேள்வி, மருந்தடிக்கும் தெளிப்பானுக்கும் அதே கேள்வி. மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது மட்டும் கேட்காமல் விட்டுவிட்டார் என்று அம்மா இன்றும் என் கணவர் காதுபடச் சொல்லிச் சிரிப்பார்.

சின்ன வயதில் எனக்கு இது பெரிய அவமானமாக இருக்கும். புதுப் பொருள் வாங்கும் சந்தோஷத்தில் எல்லோரும் நிற்கிறோம், இவர் அது கெட்டுப்போகும் நாளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறாரே என்று. இப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. சென்னையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. சென்ற மாதம் குளிர்சாதனப் பெட்டி வாங்கப் போனபோது என் வாயிலிருந்தே அந்தக் கேள்வி வந்துவிட்டது. கடைப் பையன் ஓர் அட்டையைக் கொடுத்தான். அதில் கட்டணமில்லாத் தொலைபேசி எண் ஒன்று இருந்தது. ஆள் பெயர் இல்லை.

முகநூலில் விவசாயம், கருவி என்று பேச்சு வந்தால் இரண்டு கட்சிகள்தான். ஒன்று, ஏர் கலப்பை படம் போட்டு "அந்தக் காலம் திரும்பாதா" என்று பெருமூச்சு விடும் கட்சி. பெரும்பாலும் பத்தாவது மாடியில் குடியிருப்பவர்கள். இன்னொன்று, விவசாயிக்கு ஒரு செயலியைக் கொடுத்துவிட்டால் தண்ணீர்ப் பஞ்சம், கடன், கூலியாள் தட்டுப்பாடு எல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்பும் கட்சி. எனக்கு இரண்டிலும் இடமில்லை. அப்பா கட்சியில் சேர்ந்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்குப் பக்கம். ஆற்றுப் பாசனம்தான், ஆனால் ஆற்றை மட்டும் நம்பிக் குறுவை நெல் போட முடியாது என்பதால் போர் என்கிற ஆழ்துளைக் கிணறும் உண்டு. 2024-இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-இல் திறக்கவில்லை. ஜூலை 28-இல்தான் திறந்தார்கள். அந்த ஆண்டு குறுவை போட்டவர்களுக்கு மோட்டார்தான் காவிரி.

மோட்டார் இருந்தால் மட்டும் போதாது. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று காத்துக் கிடக்க வேண்டும். பாதி நாள் அது நடுச்சாமத்தில் வரும். அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து கொட்டகைக்குப் போய், பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்று விளக்கும் எரிகிறதா என்று பார்ப்பார். எரியவில்லை என்றால் அங்கேயே சாக்கை விரித்துப் படுத்துக்கொள்வார். ஒருமுறை விரிப்பதற்கு முன் சாக்கை உதறினார். உள்ளிருந்து கட்டுவிரியன் விழுந்தது. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்கிறவர்கள் அந்தச் சாக்கில் ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கலாம்.

ஆகவே, எங்கள் ஊரில் செல்போனில் இயங்கும் ஸ்டார்ட்டர் வந்தபோது முதலில் வாங்கியவர்களில் அப்பாவும் ஒருவர். பழைய ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு சிம் கார்டு, அவ்வளவுதான். போன் செய்தால் மோட்டார் ஓடும். மறுபடி செய்தால் நிற்கும். மூன்றில் ஒரு முனை போய்விட்டாலும், போரில் தண்ணீர் இறங்கிவிட்டாலும் தானே நிறுத்திவிட்டுக் குறுஞ்செய்தி அனுப்பும். இரண்டாவது எண்ணாக என்னுடையதைப் பதிந்திருக்கிறார். சென்னையில் மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது "மோட்டார் நின்றுவிட்டது" என்று எனக்குச் செய்தி வரும். ஒருநாள் என் மகன் போனை வைத்து விளையாடி, மாமாவுக்கு அடுத்த பெயராக இருந்த மோட்டாரை அழைத்துவிட்டான். வேளச்சேரியில் இவன் விரல் பட்டதற்கு, மன்னார்குடியில் ஏற்கெனவே நிறைந்திருந்த வயலில் தண்ணீர் பாய்ந்தது. அப்பாவுக்குக் கோபமே வரவில்லை. பேரன் விவசாயத்துக்கு வந்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொன்னார்.

இந்தப் பெட்டியில் எனக்குப் பிடித்தது செல்போன் வித்தை இல்லை. பெட்டியே செத்துப்போனாலும், பழைய ஸ்டார்ட்டரில் இருக்கும் பச்சைப் பொத்தானைக் கையால் அமுக்கினால் மோட்டார் ஓடும். புதியது வந்தபோது பழைய வழியை யாரும் அடைக்கவில்லை. நல்ல கருவிக்கு நான் வைத்திருக்கும் இலக்கணமே இதுதான்.

சங்கடமும் வந்தது. 2024 ஜூலையில் செல்போன் கட்டணங்கள் ஏறின நேரம். அப்பா மோட்டார் சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்துவிட்டார். போன் போகவில்லை. பச்சைப் பொத்தானை அமுக்கிக்கூடப் பார்க்காமல், மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் எரிந்துவிட்டது என்று முடிவு கட்டி, குழாயெல்லாம் கழற்றி மோட்டாரை மேலே தூக்க ஆள் சொல்லிவிட்டார். நல்லவேளையாக அதற்கு முன் ஊர் எலக்ட்ரீஷியன் தம்பி வந்து பார்த்தான். ஐடிஐ-யில் இரண்டு வருடம் எலக்ட்ரீஷியன் படித்தவன், அப்பாவைப் பெரியப்பா என்று கூப்பிடுகிறவன். சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டுப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, மோட்டாருக்கு ஒன்றுமில்லை, நீங்கள்தான் பாக்கி வைத்திருக்கிறீர்கள்" என்றான். ரீசார்ஜ் செய்யப் போனால் டேட்டாவோடு சேர்த்துத்தான் கிடைத்தது. அப்படியாக எங்கள் மோட்டார் நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி இன்டர்நெட் வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் சும்மா கிடந்தது. பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் மட்டும் தனித் திட்டங்கள் கொடுக்க வேண்டும் என்று அந்த டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி கொண்டுவந்தது. எங்கள் மோட்டாரின் சார்பில் நன்றி.

இனி என் கார்.

அது 2021 மாடல் டீசல் வண்டி, பழையதாக வாங்கினேன். 2020 ஏப்ரல் முதல் விற்கும் வண்டிகளுக்கு பிஎஸ் 6 மாசு விதி உண்டல்லவா, அதற்காகப் புகைபோக்கி வழியில் ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி நீண்ட தூரம் சூடாக ஓடும்போது அந்தக் கரி எரிந்து அடங்கும். நல்ல ஏற்பாடுதான், நம் பிள்ளைகள் சுவாசிக்கும் காற்று அது. ஆனால் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து அலுவலகம் என்று மூன்று மூன்று கிலோமீட்டராக ஓட்டுகிற என்னைப் போன்றவளுக்கு அந்த வடிகட்டி சூடேறவே ஏறாது. இதை விற்றவரும் சொல்லவில்லை, வாங்கிய நானும் கேட்கவில்லை. ஒருநாள் மஞ்சள் விளக்கு எரிந்தது. நான் போன சர்வீஸ் நிலையத்தில், பெயர் வேண்டாம், பானெட்டைத் திறக்காமலேயே கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, பாகத்தை மாற்ற வேண்டும் என்று ஓர் எஸ்டிமேட் கொடுத்தார்கள். அந்தத் தொகைக்கு ஊரில் ஒரு கறவை மாடு வாங்கலாம், கன்றோடு.

பொங்கல் நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து ஊருக்குப் போனபோது மன்னார்குடியில் எங்கள் மெக்கானிக் மாமாவிடம் காட்டினேன். அம்பாசடரில் தொழில் கற்றவர். ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜின் மீது வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பார், டாக்டர் போல. 2014 மே மாதம் அம்பாசடர் தயாரிப்பையே நிறுத்தியபோது இவர் கடையை மூடிவிடுவார் என்றுதான் நினைத்தோம். மாமாவோ சின்னதாக ஒரு ஸ்கேனர் வாங்கி, யூடியூபில் தெலுங்குக்காரர் ஒருவர் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கிறார். அவருக்குத் தெலுங்கு தெரியாது. "கையைப் பார்த்தால் போதாதா, வாயை எதற்குப் பார்க்க வேண்டும்" என்றார். என் வண்டியைப் பார்த்துவிட்டு, "பணம் கட்டாதே பாப்பா. தஞ்சாவூரைத் தாண்டித் திருச்சி ரோட்டில் ஏறு. வல்லம் தாண்டிச் செங்கிப்பட்டி வரைக்கும் நிறுத்தாமல், கியரைக் கொஞ்சம் குறைத்து ஒரே சீராக ஓட்டு" என்றார். ஓட்டினேன். செங்கிப்பட்டிக்கு முன்பே விளக்கு அணைந்துவிட்டது. திரும்பி வந்து எவ்வளவு என்று கேட்டால், டீக்குச் சொல்லு என்றார்.

அதே மாமா, கார் சாவியில் இன்னொரு கோளாறைக் காட்டியபோது கையை விரித்துவிட்டார். "இதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், பாப்பா. கம்பெனி கம்ப்யூட்டர்தான் திறக்கும்." நான் குறைப்படுவது இந்த இடத்தில்தான். வண்டி சிக்கலாக இருப்பதால் அவர் தோற்கவில்லை. சிக்கலை அவர் தெலுங்கிலேயே கற்றுக்கொண்டார். கதவைச் சாத்தி வைத்திருப்பதால் தோற்கிறார்.

அமெரிக்க விவசாயிகளுக்கும் இதே வழக்குதான். டிராக்டரில் ஏதோ ஒரு சென்சார் பழுதானால், கம்பெனி ஆள் வந்து மென்பொருளைத் தட்டும்வரை அறுவடையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். சண்டை போட்டுச் சண்டை போட்டு, 2023-இல் கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளைத் தாமே பழுது பார்த்துக்கொள்ளும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. நம் மத்திய நுகர்வோர் துறையும் 2022-இல் இதற்காக ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம் என்று நான்கு துறைகளைக் குறித்தது. இணையதளம் ஒன்றும் வைத்தார்கள். மெக்கானிக் மாமாவிடம் சொன்னேன். "அதில் சாவி கிடைக்குமா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்து டிராக்டர்கள் இன்னும் அந்த நிலைக்குப் போகவில்லை. 2023-இல் வந்த புதிய மாசு விதி 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான். டெல்டாவில் சேறு உழும் வண்டிகள் பெரும்பாலும் அதற்குக் கீழே. இன்றும் பட்டறையில் பம்பைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி மாட்டிவிடுகிறார்கள். போன சம்பா அறுப்புக்கு ஆத்தூர் பக்கத்திலிருந்து வந்த பெல்ட் வைத்த அறுவடை வண்டி எங்கள் வயலுக்கு நடுவே நின்றுவிட்டது. வானம் கருத்துக்கொண்டிருந்தது. டிரைவரும் உதவியாளரும் அடியில் படுத்துக் கழற்றினார்கள், ஒருவர் பைக்கில் போய் மன்னார்குடியில் சாமான் வாங்கி வந்தார், இருட்டுவதற்குள் அறுத்து முடித்துவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் பிரிண்டர் நின்றால் இரண்டு நாள். முன்பெல்லாம் கீழ்த் தளத்தில் ஒருவர் இருந்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வருவார். இப்போது "டிக்கெட்" போட வேண்டும். பஸ் டிக்கெட் எடுத்தால் எங்காவது போய்ச் சேரலாம். இந்த டிக்கெட்டை எடுத்துவிட்டு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

இவ்வளவு பேசும் நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடம் முன்பு என் சித்தி மகள், தன் பையனை ஐடிஐ-யில் சேர்க்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டாள். ஸ்பானர் பிடிக்கவா பெற்றாய், இன்ஜினீயரிங்கில் போடு என்றேன். போட்டாள். அவன் இப்போது படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கிறான். "யார் வருவார்?" என்று கடைக்காரனிடம் கேட்கக் கற்றுக்கொண்டேன், வருகிறவனுக்கு வீட்டில் என்ன மரியாதை என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. எலக்ட்ரீஷியன் தம்பிக்கு ஊரில் பெண் கொடுக்க யோசித்தார்கள். லைன் வேலை, நிரந்தர வருமானம் இல்லை என்றார்கள். ராத்திரி பதினொரு மணிக்கு மோட்டார் நின்றால் மட்டும் அவன் வேண்டும்.

அவன் சிங்கப்பூர் போய்விட்டான். எங்கள் பக்கத்துப் பையன்கள் போகிற ஊர்தான் அது. அங்கே கட்டட வேலையில் எலக்ட்ரீஷியன். ஒரு மாதத்தில் சம்பாதிப்பதை இங்கே ஆறு மாதம் ஓடினாலும் பார்க்க முடியாது. யாரும் குறை சொல்ல முடியாது. போவதற்கு முன் கொட்டகைக்கு வந்து, ஸ்டார்ட்டர் கதவின் உள்பக்கம் எந்த வயர் எதற்கு என்று நீல மையில் எழுதிவிட்டுப் போனான்.

போன வாரம் நான் ஊரில் இருந்தேன். இரவு எட்டரை மணி. மோட்டார் போனுக்கும் மசியவில்லை, பச்சைப் பொத்தானுக்கும் மசியவில்லை. அப்பா அந்த எலக்ட்ரீஷியன் தம்பிக்கு வீடியோ கால் போட்டார். அங்கே பதினொரு மணி, வேலை முடிந்து வந்து பாயில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "முதலில் ஃபியூஸ் கட்டை மூன்றையும் பிடுங்கி உங்கள் பையில் போடுங்கள், பெரியப்பா. போட்டதை எனக்குக் காட்டுங்கள்" என்றான். அப்பா காட்டினார். நான் போனைப் பிடித்துக்கொண்டேன், அப்பா டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பெட்டியைத் திறந்தார். உள்ளே, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்து விடும் காண்டாக்டரின் இடுக்கு முழுக்க எறும்பு. கருகிச் செத்தவையும் உயிரோடிருப்பவையுமாகக் கிடந்தன. அம்மாவின் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கச் சொன்னான். "அந்தப் பக்கம் இல்லை, அக்கா, போனைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், ஆங், அங்கே இன்னும் இருக்கிறது." இருபது நிமிடம் ஆகியிருக்கும்.

ஃபியூஸைப் போட்டுப் பொத்தானை அமுக்கினார். ஓடியது. நான் போனை வைக்கப் போனேன். அப்பா என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டு, கொட்டகையைச் சுற்றித் தொட்டிப் பக்கம் நடந்துபோய், குழாயில் தண்ணீர் விழுவதை டார்ச் அடித்து அவனுக்குக் காட்டினார். அவன் மறுபடி தட்டை எடுத்து வைத்துக்கொண்டான். போனை வைக்காமல், சாப்பிட்டு முடிக்கும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.